இரண்டாவது துறையில் நின்ற வண்டி

செப்டம்பர் 27

என் கூட்டாளி டெல்லின் ரேடியோ மூன்று நாளாக ஊமை. மேலே மலையில், நாங்கள் தங்கம் சலிக்கும் ஓடையில் தனியாக இருக்கிறான். முதல் பனிக்கு முன்பே இறங்கிவிடுவேன் என்று சொன்ன மனுஷன். நாளை நானே போகிறேன்.

டீசல் போடும்போது பங்க்கில் இருக்கும் பெர்னிஸ் கத்தினாள். “சாகப் போறியா, ஓடில்? மழையில ஓடையெல்லாம் பொங்கிக் கிடக்கு!”

“மாட்டிக்கிட்டா பாதிவழியில குடில் இருக்கில்ல.”

“அங்க கடைசியா தங்கினது யாரு?”

நாங்கள்தான், ஜூனில். குடிலில் தங்குகிறவர்கள், கிளம்பும்போது அடுத்து வருபவருக்காக அடுப்பில் விறகு அடுக்கி, தீப்பெட்டியும் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அன்று அது என் முறை. கொசு பிடுங்கியெடுத்தது. “யாரு வரப் போறா? வண்டிய எடு” என்றேன். டெல் கையுறையை மறந்துவிட்டதாக உள்ளே போனான். இருபது நிமிஷம்! நான் ஹாரனை அழுத்தியபடியே இருந்தேன். வெறுங்கையோடு வந்தான். “கிடைக்கல, விடு.”

செப்டம்பர் 28, மதியம்

ஓடைக்குள் இறங்கிக் கடக்கும் இரண்டாவது துறையில் மாட்டிக்கொண்டேன். சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி, முறைப்படிதான் வண்டியைத் தண்ணீரில் விட்டேன். நடுவில் கல் புரண்டது. எஞ்சின் தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. கரையேறுவதற்குள் இரண்டு முறை விழுந்தேன். லைட்டர் நனைந்துவிட்டது. ரொட்டி டப்பாவில் இருந்த இந்த நோட்டு மட்டும் தப்பியது.

பனி விழுகிறது. குடிலுக்கு மூன்று கிலோமீட்டர். போய்? வெற்று அடுப்பு. தீக்குச்சி இல்லை. என் சோம்பேறித்தனமே என்னைக் கொல்லப்போகுதா? பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. நடக்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்

கால்விரல்கள் மரத்துவிட்டன. குடிலுக்குள் வந்த பிறகும் அடுப்பின் கதவைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தேன்.

பிர்ச் மரப்பட்டை. மேலே சிராய். அதற்கும் மேலே பிளந்த விறகு. பக்கத்தில் ஒரு ஜாடி. அதற்குள் டெல்லின் கையுறை ஒன்று — கையுறைக்குள் தீப்பெட்டி.

மூன்றாவது குச்சிதான் பற்றியது. ஓவென்று அழுதேன். நெருப்பு இருக்கிறது. அவன் இருக்கிறானா?

செப்டம்பர் 29

யாரும் வரவில்லை. வெளியே ஏதாவது முறிந்தால்கூட அவன்தானோ என்று எழுந்து ஓடுகிறேன். ஈர இலைகளைப் போட்டுப் புகையைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறேன். கடவுளே, அவன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

செப்டம்பர் 30

வந்துவிட்டான்! பழைய லாரியில், தாடியெல்லாம் பனியோடு. கரடி ரேடியோ கம்பத்தையே சாய்த்துவிட்டதாம். புகையைப் பார்த்து இறங்கியிருக்கிறான். “நீன்னு நினைக்கவே இல்லடி. நீதான் அடுப்புப் பக்கமே போகமாட்டியே!” சிரிக்கிறான், படுபாவி. நெஞ்சில் இரண்டு குத்து விட்டு, கையுறையை அவன் கையில் மாட்டினேன்.

அக்டோபர் 1

குளிரில் ஓடையில் தண்ணீர் இறங்கிவிட்டது. லாரியில் கட்டி இழுத்தால் என் வண்டி வந்துவிடும் என்கிறான். அடுப்பில் அடுக்கியாயிற்று. ஜாடியில் தீப்பெட்டி வைத்தாயிற்று. இன்னும் கொஞ்சம் விறகு பிளக்கவேண்டும்.

டெல் லாரியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும்.