விஷ்ணுகிரந்தியும் கறுப்புக் கண்ணாடியும்

எத்தனை திட்டினாலும் ஆசை குறையாத என் அந்தோணி அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் முப்பதாம் நாள் பூசை. நினைவு அட்டையில் போட உன் முகம் வேண்டுமென்று அச்சகத்துக்காரர் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு உயிரை எடுக்கிறார். நான் எங்கே போவேன்? அம்பத்தூரில் பாதிப் பேர் கல்யாணத்தை நீதான் படம் பிடித்தாய். உன்னைப் பிடிக்க யாரிடமாவது கேமராவைக் கொடுத்தாயா?

ஒரே ஒரு தடவை கொடுத்தாய். என் மகள் ஸ்டெல்லா முதன்முதலாய் நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, "நானும் பாப்பாவும் நிக்கிறோம், நீ அமுக்கு" என்றாய். அமுக்கினேன். என்ன பிரயோஜனம்? அதற்கு முதல் நாள் கோவில்பதாகை ஏரிக்கரையில் ஒரு விஷ்ணுகிரந்திப் பூவுக்காக மாட்டிய, புற ஊதா ஒளியை மட்டும் உள்ளே விடும் கறுப்புக் கண்ணாடியை லென்சிலிருந்து நீ கழற்றவே இல்லை. உன் கேமராவில் பார்க்கிற துளை வேறு, லென்ஸ் வேறு. எனக்கு எப்படித் தெரியும்? ரோலைக் கழுவினால் புதுநன்மை, கேக், மாமியார், நீ, எல்லாம் போச்சு.

தப்பியது முதல் படம், அந்தப் பூ. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாயே!

"இங்க பாரும்மா, நம்ம கண்ணுக்கு நீலம், நடுவுல வெள்ளை. புற ஊதாவுல நடுவுல கறுப்பா வட்டம் கீது பாரு. தேனீக்கு இப்டித்தான் தெரியும்!"

"தேனீயா வந்து எம்பொண்ணுக்குப் படம் குடுக்கும்?" என்று கத்தினேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. புதுநன்மை என்ன வருஷா வருஷமா வருகிறது, அண்ணா?

நேற்று உன் பெட்டியைக் குடைந்தேன். ஊர்ப்பட்ட மணப்பெண்கள், ஊர்ப்பட்ட பூக்கள். கடைசியில் அந்தப் பாழாய்ப்போன படம் கையில் சிக்கியது. கிழிக்கத்தான் எடுத்தேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "அம்மா, இது மாமா கை" என்றாள்.

காற்றில் ஆடாமலிருக்கக் காம்பை இரண்டு விரலால் பிடித்திருக்கிறாய். கதவில் நசுங்கிய அதே கோணல் நகம். தோல் முழுக்கப் புள்ளி புள்ளியாய், நீ அலைந்த வெயில். உயிரோடு இருந்தவரை அந்தப் புள்ளிகள் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, உன் கறுப்புக் கண்ணாடிக்குத்தான் தெரிந்திருக்கிறது. அழுதுவிட்டேன். அட்டையில் இதையே போடச் சொல்லிவிட்டேன்.

"இன்னா ஜெசி, மூஞ்சி கேட்டா கையப் போடுறே? ஊரே சிரிக்கும்" என்கிறார் என் வீட்டுக்காரர். பூவை வெட்டிவிட்டுக் கையை மட்டும் போடலாமா என்கிறார் அச்சகத்துக்காரர்.

வெட்ட விடமாட்டேன். சத்தியம். அந்தப் பூ இல்லாவிட்டால் நீ எந்தப் படத்திலும் இல்லை.

புதுநன்மைப் படம் இல்லாத பெண்ணின் தாய்,
உன் ஒரே தங்கச்சி,
ஜெசி