பளபளவென்று ஒரு மைக்ராஸ்கோப்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் குறைவில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போடுகிறது. சொல்ல வந்த விஷயம் வேறு, ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதுபடச் சொல்ல மனசு வரவில்லை.

வீடு நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. கூடத்தில் பாரோமீட்டர்கள், படுக்கையறையில் தராசுகள், சமையலறை அலமாரியில் பாதி எனக்கு, பாதி தொலைநோக்கிகளுக்கு. போன மாதம் யாரோ ஒரு பழைய திசைகாட்டியை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். வடக்கு எது என்று அதற்கே தெரியாது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் அப்பா சாப்பிட்டார். நான் வாழ்க்கைப்பட்டது இவருக்கா, இந்தப் பித்தளைக்கா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த மைக்ராஸ்கோப்பை நீ மறந்திருக்க மாட்டாய். நாலாவது படிக்கும்போது, அப்பா பிறந்தநாளுக்குப் புதுசாக்கித் தருகிறேன் என்று பல்பொடி போட்டுத் தேய்த்தாயே, அதுதான். நல்லவேளை, அடிப்பாகத்தில் மட்டும்தான் பூச்சு கொஞ்சம் போனது. அன்றைக்கு அவர் வீட்டை இரண்டாக்கிவிட்டார். பித்தளை மேல் இருக்கிற அரக்குப் பூச்சுதான் அதன் வயசு, தேய்த்தால் போச்சு, பழசைப் பளபளப்பாக்குகிறவன் கொலைகாரன் என்று கத்தினார். அதற்குப் பிறகு நீ அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. இப்போதும் வந்தால் அறை வாசலில் நின்றுதான் பேசுகிறாய். அவர் அதைக் கவனிக்காமல் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அப்பா தரையில் செய்தித்தாளை விரித்து, பாலீஷ் டப்பாவும் துணியுமாக உட்கார்ந்திருந்தார். மைக்ராஸ்கோப் கண் கூசுகிற மாதிரி மின்னியது. ஒரு பொட்டுப் பழைய பூச்சு மிச்சமில்லை. என்ன செய்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "பாப்பா ஸ்கூல் விட்டு வர்ற நேரமாச்சு. பாவம், ஆசையாத் தேய்ச்சா, நான்தான் திட்டிட்டேன். இதப் பார்த்தா சந்தோஷப்படுவா" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. இருட்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

டாக்டரிடம் காட்டினேன். இது வெறும் வயசு மறதி இல்லை, கூடிக்கொண்டுதான் போகும் என்றார். ஃபோனில் அப்பா உன்னிடம் கேட்கிற வேலை விசாரிப்பு, மாப்பிள்ளை விசாரிப்பு எல்லாம் நான் காதில் எடுத்துக்கொடுப்பவைதான்.

நேற்று பழைய சாமான் கடைக்காரர், அப்பாவின் கூட்டாளி, வந்திருந்தார். மைக்ராஸ்கோப்பைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. நான் கண்ணைக் காட்டினேன். "ரொம்ப நல்லா வந்திருக்குங்க" என்று சொல்லிவிட்டார். கிளம்பும்போது என்னிடம் மட்டும், பூச்சில்லாத பித்தளை சீக்கிரமே கறுத்துப்போகும், இந்த மினுமினுப்பு அதிக நாள் நிற்காது என்றார்.

நீ அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லியிருந்தாய். லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். வந்தால் அறை வாசலில் நிற்காதே. உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார். அழகா இருக்குப்பா என்று ஒரு வார்த்தை சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அது கறுப்பதற்குள் வந்துவிடு, கண்ணே.

உன் அம்மா