வில்லை சிவந்தது

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

போன வியாழக்கிழமை மத்தியானம் நம் கிடங்கில் வேலை பார்க்கும் டேப் அத்தை தண்ணீர் என்று நினைத்து அமிலத்தைக் குடிக்கப் போனார். நீ செய்து அனுப்பிய பாட்டில் அவரைத் தடுத்தது. அமிலத்தை அதில் ஊற்றி வைத்தவன் நான். அவர் நலம், அம்மா நலம், தம்பி நலம், நானும் நலம்தான், ஆனால் நாலு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு நாள் போனில் உன்னை வாயால் திட்டியது திட்டியதுதான், அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதையாவது எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. உன் மேலாளரிடம் காட்ட வேண்டும் என்றாலும் தாராளமாகக் காட்டு.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய பெட்டியில் பன்னிரண்டு பாட்டில். உள்ளே அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை, நல்ல தண்ணீர் என்றால் வெள்ளையாகவே இருக்கும், ஆகாதது எதையாவது ஊற்றினால் சிவந்துவிடும் என்று நீ போனில் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். கூடவே மடித்து வைத்திருந்தாயே ஒரு தாள், அதைப் படிக்கவில்லை, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அது அளவாக இருந்தது. முப்பது வருஷமாகப் பாட்டிலும் டம்ளரும் விற்கிறவன் எதைச் செய்வானோ அதைத்தான் செய்தேன். தூசியோடு மாதிரிச் சரக்கைக் காட்டினால் பாதி விலை அங்கேயே விழுந்துவிடும். அதனால் வெந்நீரில் சோடா மாவைக் கரைத்து, ஒவ்வொரு பாட்டிலாக உள்ளும் புறமும் விளக்கி, துடைத்து, வில்லை வெள்ளையாக இருக்கும்போதே கையோடு துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். சோடா மாவு பட்டாலும் வில்லை சிவக்கும், அப்படிச் சிவக்க இரண்டு நிமிஷம் ஆகும், சிவந்தது திரும்ப வெளுக்காது, கழுவும்போது அடியைத் திருகி வில்லையைக் கழற்றிவிட வேண்டும் என்பதெல்லாம் மேசைக் காலுக்கு அடியில் கிடந்தது. இப்படிப் பதினொன்றைக் கழுவினேன். பன்னிரண்டாவதை, பெட்டியைப் பிரித்த அன்றே டேப் அத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, பேக்கிங் டேப்பை வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிற மனுஷி, தன் பழைய பாட்டில் ஒழுகுகிறது, இது எனக்கு என்று சொல்லிவிட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை, இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தப் பதினொன்றையும் எடுத்துக்கொண்டு ஏழு தொழிற்சாலைகளில் கேன்டீன் நடத்துகிறாரே அந்தக் காண்டிராக்டரிடம் போனேன். அவர் ஆபீஸ் கேனிலிருந்தே தண்ணீர் பிடித்து ஊற்றச் சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்தவர் பாட்டிலை என் பக்கம் திருப்பினார், வில்லை சிவப்பு. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன், அதுவும் சிவப்பு, அடுத்ததும் சிவப்பு. “என்னங்க முதலாளி, எங்க தண்ணியில விஷம் இருக்குன்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?” என்று கேட்டார், அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிழைப்புக்கு இறங்கிய நாளிலிருந்து ஒரு ஆபீசிலும் நான் அப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து வந்ததில்லை. அந்தக் கோபத்தில்தான் உனக்குப் போன் போட்டு, நல்ல தண்ணீரைக்கூட அடையாளம் தெரியாத பொருளைச் செய்வதற்கா உன்னை அவ்வளவு படிக்க வைத்தேன், பேசாமல் சோப்பு டப்பா செய் என்று கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய். திருப்பித் திட்டியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்புறம் அம்மாதான் சொன்னாள், மாசக் கடைசிக்குள் ஒரு ஆர்டராவது வராவிட்டால் உன் கம்பெனியில் இந்தப் பாட்டிலை வார்க்கிற அச்சையே உருக்கப் போட்டுவிடுவார்கள் என்றும், நீயே மேலாளரிடம் போய் இதைக் கைவிட்டுவிடலாம் என்று சொல்லப் போகிறாய் என்றும். எனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்றதுக்கு நீங்க இடம் குடுத்தாத்தானே? அவகிட்ட சொல்லி உங்க வாய்க்கும் ஒரு வில்லை வைக்கணும்” என்றாள். அதோடு மூன்று நாள் என்னோடு பேச்சில்லை, தட்டு மட்டும் வந்தது.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். கண்ணாடி டம்ளர்களில் படிகிற உப்புக் கறையை எடுக்க நாம் ஒரு அமிலம் வாங்குவோம், பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், வாசனையும் கிடையாது. குடிக்கிற பாட்டிலில் வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று கிடங்குச் சுவரில் எழுதி ஒட்டியவனே நான்தான். அன்றைக்கு அமிலக் கேன் அடியில் விரிசல் விட்டு ஒழுகிற்று. வீணாகப் போகிறதே என்கிற பதைப்பில் பக்கத்தில் எது கிடைத்ததோ அதில் பிடித்தேன், அதுதான் டேப் அத்தையின் பாட்டில். மூடியைத் திருகி அது இருந்த இடத்திலேயே வைத்தேன், அந்த நேரம் பார்த்து வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார், போனவன் அதை அடியோடு மறந்துபோனேன். அரை மணி நேரம் கழித்து டேப் அத்தை மேல் தட்டுச் சரக்கை இறக்கி முடித்து, வியர்த்து வழிந்துகொண்டு வந்திருக்கிறார். நான் லாரிப் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பாட்டிலைக் கையில் பிடித்தபடி அவர் என்னை நோக்கி நிதானமாக நடந்து வந்தார், மூடி திறந்திருந்தது. “அண்ணே, இத நீங்களா ஊத்துனீங்க? உங்க மக வேணாங்குது பாருங்க” என்றார். உள்ளே பார்த்தேன், வில்லை ரத்தமாகச் சிவந்திருந்தது. அப்படியே ஒரு அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன், அது நசுங்கியது. அவர் என்னைத் திட்டவில்லை. மூன்று வாரமாக வெறும் தண்ணீரில் அலசித்தான் குடிக்கிறாராம், ஒரு நாளும் நிறம் மாறியதில்லையாம், இன்றைக்கு மாறியதால்தான் வாய் வைக்கவில்லையாம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, கழுவாத பாட்டில் சரியாகச் சொல்கிறது, கழுவியதெல்லாம் பொய் சொன்னது. போய் மேசையைத் தூக்கித் தாளை எடுத்துப் படித்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாய். குற்றம் முழுக்க என்னுடையது.

மறுநாளே காண்டிராக்டரிடம் திரும்பப் போனேன், இந்தத் தடவை பேச்சு சாமர்த்தியம் ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை. சோடா மாவில் கழுவியதைச் சொன்னேன், அமிலத்தை ஊற்றியதையும் சொன்னேன், அந்தச் சிவந்த பாட்டிலை மேசையில் வைத்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் அதை எடுத்து உள்ளே பார்த்துவிட்டு, “எங்க சமையல்கட்டுல இப்பவே மூணு தண்ணி பாட்டில்ல தரை துடைக்கிற மருந்து நிக்குது முதலாளி” என்று மெதுவாகச் சொன்னார். தண்ணீரைச் சந்தேகப்படுகிற பாட்டில் என்று சொல்லி விற்றால் எவனும் வாங்க மாட்டான் மகளே, தப்பு செய்கிற கை எல்லா இடத்திலும் இருக்கிறது என்று சொல்லி விற்க வேண்டும். இன்னொன்று, தாளில் எழுதினால் என்னை மாதிரி ஆள் படிக்க மாட்டான், வில்லையைக் கழற்றிக் கழுவவும் என்று பாட்டில் மேலேயே பெரிதாக அச்சடி.

டேப் அத்தைக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் இந்த வருஷம்தான் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். வியாழக்கிழமை வேறு மாதிரி முடிந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் முன்னால் நான் எந்த முகத்தோடு நின்றிருப்பேன் என்று நினைக்கும்போதெல்லாம் உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. உனக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன், புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதையெல்லாம் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எனக்குச் செய்தது அதைவிடப் பெரியது, இதை எழுதும்போது வெட்கமும் இல்லை. அம்மா பேசத் தொடங்கிவிட்டாள், தம்பி கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி நடமாடுகிறான். நீ எடுத்த காரியம் எல்லாம் நிலைத்து நிற்க வேண்டும், உன் கையால் இன்னும் நாலு உயிர் பிழைக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான், இந்தக் கடிதத்தோடு இருக்கும் ஆர்டரை மேலாளர் மேசையில் வைத்துவிட்டு அப்புறம் சாப்பிடப் போ.

காண்டிராக்டருக்கு இரண்டாயிரம் பாட்டில், ஒவ்வொன்றோடும் பத்து மாற்று வில்லை. ஒன்று முப்பத்தைந்து ரூபாய்க்குக் கேட்டார், நீ சொன்ன முப்பத்தெட்டிலேயே நின்றுவிட்டேன். பாதி முன்பணம் வாங்கியாயிற்று, மீதி சரக்கு வந்ததும், சரக்கு அனுப்ப அறுபது நாள் கெடு. எனக்கு நூற்றுக்கு மூன்று கமிஷன், அலைந்தது நான், அதை விட மாட்டேன். நம் கிடங்குக்குத் தனியாக நாற்பது, அதற்கும் அதே முப்பத்தெட்டு, முழுப் பணமும் முன்னாலேயே. அப்பா என்று ஒரு காசு குறைத்து பில் போட்டாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன் அப்பா