விழுங்கி குடித்த தண்ணீர்

செப்டம்பர் 4

நான் சொல்கிறேன், மனைவி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, அவளுக்குப் பொறுமை வராது. (பொறுமை இருப்பதால்தான் எழுதுகிறேன் — அவள்.)

மேல் அறையில் தங்கியிருக்கும் தண்ணீர்க்காரி மூடுபனி கலையுமுன்பே கிளம்பிவிட்டாள். மலைக்குள் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று படம் வரைவது அந்தப் பெண்ணின் உத்தியோகம். நேற்று அவளுக்கு விழுங்கியைக் காட்டினேன். உச்சியிலிருந்து வரும் ஓடை, பாறைப் பிளவுக்குள் விழுந்து காணாமல் போகிற இடம். எங்கே போகிறது என்று கேட்டாள். முகட்டுக்கு அந்தப் பக்கம், என்றேன். பிளவே அந்தப் பக்கம் பார்த்துத்தானே வாய் பிளந்திருக்கிறது? உள்ளே விழுந்த ஆட்டுமணி ஒன்று அந்தப் பக்கத்து ஊற்றில் வந்து கிடந்த கதையையும் சொன்னேன்.

"நீங்க பாத்தீங்களா ஐயா?"

பார்த்தேன் என்றுதான் வாய் வரை வந்தது. பார்த்தேனா?

செப்டம்பர் 5

அந்த மணி மண்டைக்குள் ஆடிக்கொண்டே இருக்கிறது. எந்த வீட்டுக் கதவு என்ன நிறம், எந்த மாட்டுக்கு எந்தக் கொம்பு ஒடிந்தது, கேளுங்கள், சொல்கிறேன். மணி விழுந்தபோது மட்டும் நான் பிறக்கவே இல்லை. கேட்டதைப் பார்த்ததாக இத்தனை காலம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

செப்டம்பர் 7

தண்ணீர்க்காரி இன்று, "இவ்வளவு இடிஞ்ச சுவர் இருக்கு, ஆள் மட்டும் ஏன் நாலு வீட்டுக்குத்தான் இருக்கு?" என்றாள்.

சொன்னேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆன வருஷம், முதலில் மாடுகளுக்கு நோய். கொத்துக் கொத்தாகச் செத்தன. இந்தப் பாறையில் எங்கே புதைப்பது? அப்பாவும் மற்றவர்களும் இழுத்துப்போய் விழுங்கியில் தள்ளினார்கள். அந்தப் பக்கம் போகிற தண்ணீர்தானே என்ற தைரியம். அப்புறம் அக்கா கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முகட்டுக்கு அந்தப் பக்கம்; கணவாய் தாண்டி வந்து அழைத்துப்போனார்கள். அவர்கள் போன கையோடு மனிதர்களுக்குக் காய்ச்சல். என் தம்பி போனான். மிஞ்சியவர்களில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். காய்ச்சலைக் கொண்டுவந்தது கல்யாணக் கூட்டம் என்று ஊரே சொன்னது. இனி இந்த வாசல் மிதிக்காதே என்று அக்காவுக்கு அப்பா சொல்லி அனுப்பினார். அவர் செத்தபோதும் அக்கா வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு இருமல்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காய்ச்சலில் தாயையும் அண்ணனையும் கொடுத்தவர். "அந்தக் கல்யாணம் நடக்காம இருந்திருந்தா இங்க இன்னிக்குப் பள்ளிக்கூடமே இருந்திருக்கும்" என்றார். எப்போதும் இதே வாக்கியம், இதே இருமல்.

தண்ணீர்க்காரி தன் படத்தை விரித்து, விழுங்கி இருக்கிற இடத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

செப்டம்பர் 9

விழுங்கியில் சாயம் கரைத்தோம். கையில் சிவப்புப் பொடி, தண்ணீர் பட்டதும் கிளிப்பச்சை. குடித்தாலும் ஒன்றும் ஆகாதாம். அந்தப் பக்கத்து ஊற்றைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றாள். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள், அக்காவைத் தவிர?

மனைவி போனை எடுத்தாள். எண்ணைத் தேடக்கூட இல்லை, விரல் தானாகப் போயிற்று. எப்படித் தெரியும் என்றேன்.

"நீங்கதான் பேசுறதில்ல. நான் எதுக்குப் பேசாம இருக்கணும்?"

அக்கா பார்த்துச் சொல்கிறாளாம்.

செப்டம்பர் 10

பச்சை வரவில்லை.

செப்டம்பர் 11

இன்றும் இல்லை. அங்கே ஊற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். "என் தம்பி அனுப்புறது எதுவும் சீக்கிரம் வந்து சேராது" என்றாளாம். மனைவி இதை எழுதும்போது சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 13

முகம் கழுவப் போன மனைவி வாளியோடு திரும்பி வந்து நின்றாள். வாளித் தண்ணீர் பச்சை. எங்கள் ஊற்று. நாலு வீடும் குடிக்கிற ஊற்று.

மலைக்குள்ளேயே வளைந்து திரும்பிக் காலடிக்கு வந்திருக்கிறது தண்ணீர். எனக்கு முதலில் ஆச்சரியம்தான். என்ன ஒரு வழி, எத்தனை சுற்று என்று வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மாடுகள் ஞாபகம் வந்தன.

அப்படியானால் நாம் குடித்தது— தம்பி குடித்தது— அப்பா தன் கையாலேயே— வேண்டாம், இதை எழுதாதே. எழுதிட்டாளே. சரி, இருக்கட்டும்.

தண்ணீர்க்காரியைக் கேட்டேன். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க ஐயா. ஆனா காய்ச்சலை வெளியிலேர்ந்து ஒருத்தர் கொண்டுவரணும்னு அவசியமே இல்ல" என்றாள்.

இருமல்காரர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். வாளியைக் காட்டினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

செப்டம்பர் 14

போனை நானே வாங்கிப் பேசினேன். பச்சை எங்கே வந்தது என்பதையும், மாடுகள் விஷயத்தையும் சொன்னேன்.

"நீங்க எல்லாரும் சொன்னீங்க, சரி" என்றாள் அக்கா. "நானும் அப்படித்தான்டா நெனச்சிட்டிருந்தேன். என் கல்யாணம்தான் சின்னத் தம்பியக் கொன்னுச்சுன்னு."

வா அக்கா என்று சொல்ல வராமல், பாதை நன்றாக இருக்கிறது, பனி விழ இன்னும் நாளாகும் என்று ஏதேதோ சொன்னேன்.

"கூப்பிடுறியா, வானிலை சொல்றியா?" என்றாள்.

கூப்பிட்டேன்.

செப்டம்பர் 21

அக்கா வந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கியவள் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். மனைவி கையைப் பிடித்தும் நகரவில்லை. நான் பையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

இருமல்காரர் தன் வீட்டிலிருந்து மெல்ல நடந்து வந்தார். அந்த வாக்கியத்தைத்தான் மறுபடி சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயம். அவர் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "களைச்சு வந்திருப்ப. தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார்.

"கொதிக்க வச்சதுன்னா குடுங்க" என்றாள் அக்கா.

சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அப்படியே எங்கள் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார். அக்கா அவர் பின்னாலேயே உள்ளே போனாள்.