ரயானின் பால்பல்

அன்பு மகள் ரூபினாவுக்கு அத்தா பாதுஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இன்றைக்கு அப்படி எழுத மறுக்கிறது. உன் அண்ணன் மகன் ரயானுக்கு வயிற்றுவலி நின்றபாடில்லை, ஆறு வயதுப் பிள்ளை போன மாதம் வாசித்த எழுத்தை இந்த மாதம் பார்த்து முழிக்கிறான். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உன் அண்ணி ஹாஜரா அவனை வாசலுக்குக்கூட விடுவதில்லை.

பின்தெருவில் பழைய பேட்டரி உடைக்கும் விருமாண்டியின் ஷெட்தான் காரணம் என்று முதலில் கத்தியவன் நான், உனக்குத்தான் என் கோபம் தெரியுமே. முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு போய் ஷெட்டைப் பூட்ட வைத்தேன், கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். அந்த மனுஷன் கும்பிட்டபடி, பாய், ஏம் பிள்ளைகளும் இங்கனதேன் வெளயாடுதுக, தெரிஞ்சே வெசம் வப்பேனா என்று கேட்டான். நடிக்காதே என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ கேட்டபடி ரயானுக்கு விழுந்த பால்பல், ஷெட் மண், சுவர்ப் பெயிண்ட், மஞ்சள்தூள் எல்லாவற்றையும் நானே பொட்டலம் கட்டி நீ வேலை பார்க்கும் லேபுக்கு அனுப்பினேன். ஈயத்துக்கும் பிறந்த ஊர் உண்டு, எந்தச் சுரங்கத்துக் கல்லில் பிறந்ததோ அந்த ஐசோடோப் அடையாளம் உருக்கினாலும் உடம்புக்குள் போனாலும் மாறாது என்று நீ சொன்னபோது, விருமாண்டி வசமாக மாட்டினான் என்று சந்தோஷப்பட்டேன். புதன்கிழமை நீ போனில், ஷெட் மண்ணில் பல சுரங்கத்து ஈயம் கலந்து கிடக்கிறது, பல்லில் இருப்பதோ வேறு ஏதோ ஒரே சுரங்கத்து ஈயம், பெயிண்டோடும் மஞ்சளோடும்கூடப் பொருந்தவில்லை, எதையோ அனுப்பாமல் விட்டிருக்கிறீர்கள் அத்தா, யோசியுங்கள் என்றாய். போனை வைத்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது, உன்னிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஹஜ்ஜுக்குப் போனபோது வாங்கிவந்த சுருமா, மகளே. கல்லை அரைத்த கறுப்புப் பொடி, அந்தக் கல்லே ஈயக்கல்லாக இருக்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குக் கிளம்புமுன் என் கண்ணிலும் அவன் கண்ணிலும் நானே இடுவேன், அவன் கண்ணைக் கசக்கிய விரலை அப்படியே வாயில் வைப்பான். இரண்டு வருஷமாக இப்படி. பரக்கத்தான பொருள் என்று வைத்திருந்தேனே தவிர, சந்தேகப்பட்டுப் பொட்டலம் கட்ட வேண்டிய பொருளாக அது என் கண்ணில் படவே இல்லை. இந்தக் கடிதத்தோடு அதில் ஒரு சிமிட்டாப் பொடி மடித்து வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி.

நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து முகத்தை நிமிர்த்தி நின்றான். இனிமேல் வேண்டாம்டா என்றேன். தாதா, நான் என்ன தப்புப் பண்ணேன் என்று கேட்டான். ஹாஜரா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிள்ளையைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கண்ணையும் கையையும் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். இதைப் போஸ்ட் பண்ணிவிட்டு நேரே விருமாண்டி வீட்டுக்குப் போகிறேன், என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பிள்ளை பாக்கியத்தையும் தரட்டும். அம்மா சலாம் சொல்லச் சொன்னாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, சோதனை முடிவை எனக்காக மழுப்பி எழுதாதே, என்னால்தான் என்றால் என்னால்தான் என்றே எழுது.

உன் அத்தா,
பாதுஷா
காளவாசல், மதுரை