நீக்கப்பட்ட பத்தொன்பதாம் விதி

டன்லப் தெரு, சிங்கப்பூர்
18-8-1963

அன்புள்ள பாலகிருஷ்ணனுக்கு,

அழகப்பன் எழுதுகிறேன். நான் சுகம். நாகப்பட்டினம் போனபின் உன் மூச்சிரைப்பு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நம் அச்சகத்தின் விசேஷக் கூட்டம் போன மாதம் நடந்தது. உன் சார்பில் நம் கூட்டாளி துரைசாமியே ஓட்டளிக்கலாம் என்று நீ அனுப்பிய பிராக்சி வந்து சேர்ந்தது. கையெழுத்து உன்னுடையதுதானா என்று வாங்கிப் பார்த்தேன். உன்னுடையதுதான்.

கம்பெனியைப் பதிவு செய்தபோது வக்கீல் எழுதிய விதிகளில் பத்தொன்பதாவது மட்டும் அவருடையதல்ல. நீ சொல்லச் சொல்ல நான் எழுதியது. டைரக்டர்களில் ஒருவரைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சம்மதமில்லாமல் யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. "இது கம்பெனியா, யூனியனா?" என்று வக்கீல் சிரித்தார். "ரெண்டும்தான் சார், அப்படியே டைப் அடிங்க" என்றாய். அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

தொழிலாளர்கள் பைண்டிங் பூவம்மாவைத் தேர்ந்தெடுத்ததும், அவள் பயந்துகொண்டே முதல் கூட்டத்துக்கு வந்ததும் உனக்கு நினைவிருக்கும். பிறகு பயம் போய்விட்டது. தையல் மெஷின் வாங்கிப் புத்தகம் தைக்கும் பெண்களை நிறுத்த வேண்டும் என்று துரைசாமி இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் மறுத்துவிட்டாள். அதனால் விதியையே எடுத்துவிடத் தீர்மானம் கொண்டுவந்தார்.

நம் நாலு பேருக்கும் சம பங்கு. விதியை மாற்ற நாலில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். துரைசாமியும் காகிதக் கடை சிலுவைராஜும் ஆதரவு. மூன்றாவது நீ. எதிர்த்தவன் நான் ஒருவன்.

"பாலகிருஷ்ணன் அண்ணன் ஊர்லல்ல இருக்காரு? அவரு கை எப்படி இங்க வந்துச்சு?" என்று பூவம்மா கேட்டாள். துரைசாமி சட்டத்தை விளக்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி லா" என்று எழுந்து கீழே போனாள். அன்று மாலை வரை பள்ளிக்கூடப் புத்தகங்களைத் தைத்துக் கொடுத்தாள். மறு வாரம் அவளையும் மற்றப் பெண்களையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறாள். போய்ப் பார்த்தேன். உன்னைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணனுக்கு விவரம் தெரிஞ்சிருக்காது. நீங்க எழுதிக் கேளுங்க" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கேட்கத்தான் இருந்தேன். நேற்று நோட்டீஸ் வந்தது. காலியான டைரக்டர் பதவிக்கு உன் மருமகன் தங்கராஜுவை நியமித்திருக்கிறார்கள். இனிக் கேட்க ஒன்றுமில்லை.

தங்கராஜு நல்ல பிள்ளை. அவனுக்கு என் ஆசி உண்டு. வயதான காலத்தில் ஒரு நண்பனிடமிருந்து இப்படி ஒரு கடிதம் அவனுக்கு வராதிருக்கட்டும்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். பூவம்மாவுக்கு மட்டும் இரண்டு வரி போடு. தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுது. அவள் நம்புவாள்.

இப்படிக்கு,
அழகப்பன்