மாங்காயில் பழகிய ஊசி

என் பயந்தாங்கொள்ளி அப்பாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்தச் செக்போஸ்ட் போலீஸுக்கும் பயப்படாமல் லாரி ஓட்டிய மனுஷரை இப்படிக் கூப்பிட எனக்கு மட்டும்தான் உரிமை. ஊசி என்றால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமா தெரியும்? முதலமடை மாங்காய் மண்டிக்கே தெரியும்.

முதலில் சந்தோஷச் செய்தி. நேற்று அதே மண்டியில் எங்கள் நர்சிங் காலேஜ் சார்பில் டெட்டனஸ் தடுப்பூசி முகாம் போட்டோம். கொண்டுபோன மருந்து மதியத்துக்குள் தீர்ந்துபோய், மிஸ் ஆள் அனுப்பி இன்னும் வாங்கிவர வேண்டியதாயிற்று. ஜெயித்துவிட்டேன் அப்பா. எப்படி என்று சொல்கிறேன், பாதியில் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடாதீர்கள்.

லாரியின் துருப்பிடித்த பின்கதவு உங்கள் காலைக் கிழித்த அன்று, உங்கள் கிளீனர் மயில்சாமி அண்ணன் காயத்தில் காப்பித்தூளை அள்ளி அப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். அங்கே சீட்டு எழுதி வாங்குவதற்குள் நீங்கள் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டீர்கள். "ரத்தம் நின்னுபோச்சு அம்மணி, அப்பறம் எதுக்கு ஊசி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். பிறகு ரணஜன்னி, அதுதான் டெட்டனஸ், வந்து தாடை இறுகியது. கடைசிவரை ஒரு வாய் காப்பிகூட உங்களுக்கு ஊற்ற முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் நர்சிங்கில் சேர்ந்தேன். இங்கே எல்லாரும் என்னைப் போல இருப்பார்கள் என்று நினைத்தேன், நல்ல நினைப்பு. தடுப்பூசியின் பயன்களைப் பற்றிக் கேள்வி வந்தால் பேப்பர் மேல் பேப்பர் வாங்கி எழுதுகிற கூட்டம் இது. வார்டுக்குப் போகும் முன் நீங்களும் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று மிஸ் சொன்னதும் ஹாஸ்டலே சந்தைக்கடை ஆகிவிட்டது. பரீட்சை நேரத்தில் காய்ச்சல் வரும் என்றாள் ஒருத்தி. வயசுப் பிள்ளைகளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றாள் இன்னொருத்தி. எங்கள் வகுப்பு விஷ்ணு ஆறடி உயரம், அவன் தன் உடம்புக்கு எதுவும் வராது என்று கையை மடக்கிக் காட்டினான்.

எல்லாரையும்விட மோசம் என் ரூம்மேட் ஜான்சி. இடுக்கித் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவள், அம்மா அங்கே கொழுந்து கிள்ளுகிறார், லயம் என்கிற வரிசை வீட்டில் குடியிருப்பு. "ஏட்டி, இந்த ஊசி போட்டா கல்யாணத்துக்கு அப்புறம் பிள்ள தங்காதாம். எங்க லயத்துல எல்லாருக்கும் போன்ல வந்துருக்கு" என்றாள்.

"மண்ணாங்கட்டி. மாசமா இருக்கறவங்களுக்கே இந்த ஊசியப் போடச் சொல்லீருக்குது. போன வாரம் நீயும் அதைத்தான் எழுதி மார்க் வாங்குன" என்றேன்.

"எழுதுறது வேற. என் கையில குத்துறது வேற."

அப்பா, அவளை அறைய வேண்டும் போலிருந்தது. நீங்களும் இப்படித்தானே ஒரு பதில் தயாராக வைத்திருந்தீர்கள்?

மிஸ்ஸும் விடுவதாயில்லை. "வாக்சின் எடுக்காத்தவர் வார்டில் கேறண்டா" என்று மலையாளத்தில் முடிவாகச் சொல்லிவிட்டார், ஊசி போடாதவர்கள் வார்டுக்குள் ஏற வேண்டாமாம். வார்டுக்குள் ஏறாவிட்டால் ஜான்சிக்கு ஒரு வருஷம் போய்விடும். அவள் வீட்டில் இன்னொரு வருஷம் படிக்கவைக்க மாட்டார்கள், எஸ்டேட்டுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். அது தெரிந்தும், "போறேன், போய்க் கொழுந்து கிள்ளுறேன்" என்று பெட்டியை இழுத்துப்போட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

எங்கள் காலேஜில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகுவார்களாம். நம் ஊரில் ஆரஞ்சுக்கு எங்கே போவது? பழுக்கத் தொடங்கிய மாங்காய்தான் எங்களுக்குப் புஜம். மேல்தோல் இறுக்கம், உள்ளே மெத்து, குத்தினால் கைக்குத் தெரியும். வெறும் தண்ணீரைத்தான் ஏற்றுவோம், பழகி முடித்த காயை விஷ்ணு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிடுவான். இதில் எங்கள் வகுப்பிலேயே நல்ல கை ஜான்சியுடையது. ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

அன்றைக்கும் அப்படித்தான் பழகிக்கொண்டிருந்தோம். "இந்தக் கைய வெச்சுக்கிட்டா கொழுந்து கிள்ளப் போற?" என்று விளையாட்டாக, ஊசி மாட்டாத வெறும் சிரிஞ்சை அவள் தோள் பக்கம் கொண்டுபோனேன். அவள் முகம் வெளுத்துப்போனது. உதடு காய்ந்து, கை ஜில்லிட்டு, சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களே, அதே முகம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளை தங்காது, காய்ச்சல் வரும் என்றதெல்லாம் மேல்பூச்சு.

"பயமா?" என்று மட்டும் கேட்டேன். அதட்டவில்லை, அது எனக்கே ஆச்சரியம்தான்.

"நர்ஸுக்குப் படிக்கிறவ ஊசிக்குப் பயந்தா வெளிய சொல்ல முடியுமாட்டி? சிரிப்பாய்ங்கல்ல" என்று அழுதாள்.

அன்று அவளிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். பின்வாசலைச் சொன்னேன், காப்பியைச் சொன்னேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ போடுறதா இருந்தா போட்டுக்கிடுதேன். வேற யாரும் என் கையத் தொடக் கூடாது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை நான் குத்தியதெல்லாம் மாங்காய்தான். மிஸ்ஸிடம் போய் உண்மையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. பயப்படுகிறவர்களை உட்கார வைத்துப் போடாதே, படுக்க வை, மயக்கம் வராது என்றார். அவர் பக்கத்தில் நிற்க, ஜான்சி கட்டிலில் படுத்து, கண்ணை இறுக மூடி, எஸ்டேட்டில் அவர்கள் லயத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். கடைசி வீடு வருமுன் நான் பஞ்சை வைத்து அழுத்திவிட்டேன்.

"எப்ப குத்துவட்டி?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"குத்தியாச்சு, எந்திரி."

அவள் எழுந்து நேராக வகுப்புக்குப் போய், "எனக்குப் பயம்தான். வேற ஒரு காரணமும் இல்ல. வேற யாருக்கெல்லாம் பயம்?" என்று கேட்டாள். பின்பெஞ்சில் ஒரு கை எழுந்தது, அதன் பிறகு பாதி வகுப்பே கை தூக்கியது. நிஜமாகவே சந்தேகம் இருந்த சிலரும் உண்டு, அவர்கள் மிஸ்ஸிடம் கேள்விகேட்டுத் தெளிந்துகொண்டார்கள். கடைசியில் வகுப்பு மொத்தமும் போட்டுக்கொண்டது. மயங்கி விழுந்தது ஒரே ஆள்தான். விஷ்ணு. அவன்தான் படுக்க மாட்டேன் என்று வீறாப்பாக நின்றுகொண்டிருந்தான்.

அந்தத் தெம்போடுதான் நேற்று மண்டிக்கு வந்தோம். சீசன் நேரம், லாரிகள் வரிசையாக நின்றன. முன்பு உங்கள் வண்டி நிற்கும் இடத்தில் மேசையைப் போடச் சொன்னேன், அதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். டிரைவர்கள் தள்ளி நின்று கேலி பேசினார்கள். மயில்சாமி அண்ணன் இப்போது டிரைவர், நரைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் பூரித்துப்போனார், ஊசிப் பெட்டியைப் பார்த்ததும் நகர்ந்தார். "எனக்கெல்லாம் வேண்டாங்க அம்மணி. ஒரு நோவும் இல்லீங்க" என்றார்.

ஜான்சி தார்ப்பாயை நிழலில் விரித்துப்போட்டாள். "அண்ணே, பயந்தா பயமுன்னு சொல்லுங்க. நானும் அப்படித்தான். படுத்துக்கிட்டா ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அத்தனை ஆம்பளைகள் நடுவில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பயந்தானுங்க" என்றார். சொல்லிவிட்டுப் படுத்தும் விட்டார். நான் போட்டேன். அவர் எழுந்திருக்கவே இல்லை, மேலே பார்த்தபடி கிடந்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது.

"உங்கப்பா, எங்கண்ணனையும் அன்னைக்கு ஆஸ்பத்திரில இப்பிடிப் படுக்க வெச்சிருக்கலாமுங்க கண்ணு" என்றார்.

நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே அழுதேன். திரும்பிப் பார்த்தால், கேலி பேசிய டிரைவர்கள் எல்லாரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். யாரோ "இது யாரு புள்ள?" என்று கேட்க, உங்கள் பெயரை மண்டியே சேர்ந்து சொன்னது. கேட்டீர்களா?

அடுத்த மாதம் அவர்களுக்கு இரண்டாவது ஊசி. லாரி கோபாலபுரத்தில் நின்றாலும் பொள்ளாச்சியில் நின்றாலும் நான் தேடிப்போய்ப் போடவைப்பேன், இது உங்கள் மேல் சத்தியம். நான் முன்னால் நிற்பேன், ஜான்சி பின்வாசலில் நிற்பாள். அந்த வழியாக இனி ஒருத்தரும் போக முடியாது அப்பா.

லாரிக்காரர் மகள்,
உங்கள் அம்மணி